கதம்பத் துப்பாக்கி: அறிகுறி பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது

துப்பாக்கியின் லாக்கில், அதாவது சுடும் இயந்திரத்தில், 1799 என்று வெட்டியிருக்கிறது. குழலில் 1813க்கு முன்னால் இருந்திருக்கவே முடியாத ஒரு முத்திரை. கட்டையின் மரத்தைப் பார்த்தால் அது இங்கிலாந்துப் பக்கமே போனதாகத் தெரியவில்லை. நண்பர் ஒருவர் தன் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய, மஸ்கட் என்ற பழைய காலாட்படைத் துப்பாக்கியைப் பற்றித்தான் சொல்கிறேன். அவருக்கு அதைப் பார்த்துச் சொன்ன மூன்று பேரில் இரண்டு பேர் "டூப்ளிகேட்" என்றார்கள். மூன்றாமவர் "திப்பு காலத்து ஒரிஜினல்" என்றார். மூன்று பேருமே தப்பு.

பழைய ராணுவத் துப்பாக்கியில் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால் அதைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. கலந்தது யார், எப்போது, எதற்காக என்பதுதான் கேள்வி. படைக் கொட்டடியில் பழுதுபார்த்த ஆர்மரர் கலந்திருக்கலாம். மிச்சப் பாகங்களைச் சேர்த்து விற்ற வியாபாரி கலந்திருக்கலாம். போன மாதம் சுற்றுலாப் பயணிக்கு விற்கக் கலந்ததாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் தடயம் வேறு.

இந்தியாவில் அதிகம் கண்ணில் படுவது கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரவுன் பெஸ் வகை, அதாவது பிரிட்டிஷ் படையின் சக்கிமுக்கி மஸ்கட் என்பதால் அதையே அடிப்படையாக வைத்துச் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

உள்ளே மருந்து கெட்டித்து இருக்கிறதா என்று பாருங்கள். வாய் வழியாக மருந்து போடும் துப்பாக்கியில் தோட்டாவைக் கழற்றிக் காட்டும் வசதி கிடையாது. கடைசியாக நிரப்பியவர் சுடாமல் மாட்டி வைத்திருந்தால் அது இன்னும் அப்படியேதான் இருக்கும். ஈரம் படாத கருமருந்து நூறு வருஷம் கழித்தும் பற்றும்.

ஒரு மரக்குச்சியைக் குழலின் வாய் வழியாக அடிவரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, கோடு வாய்க்கு நேராக வரும்படி குழலின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, குழலின் அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு தீத்துளைக்குப் பக்கத்தில் வந்து நின்றால் குழல் காலி. இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்போது சூடு காட்டுவது, டிரில் போடுவது, தண்ணீர் ஊற்றிவிட்டு "இனி பயமில்லை" என்று நினைப்பது எதுவும் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ காவல் துறையிலோ சொல்லி, தெரிந்தவரை வைத்து வெளியே எடுக்க வேண்டும்.

இந்தக் குச்சியை எறிந்துவிடாதீர்கள். குழலின் நீளமும் இதிலேயே கிடைத்துவிட்டது, பின்னால் தேவைப்படும்.

அறிகுறி: லாக் ஒரு காலம், குழல் இன்னொரு காலம்

லாக் என்பது துப்பாக்கியின் வலப்பக்கம் பதித்திருக்கும் இயந்திரம். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் சுத்தியல், அது உரசும் இரும்பு மூடி, அடியில் மருந்துக் கிண்ணம், உள்ளே ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே தகட்டில் இருக்கும். அந்தத் தகட்டில் இருக்கும் எழுத்தைத்தான் எல்லோரும் முதலில் படிக்கிறார்கள். படிக்கலாம், ஆனால் அதையே துப்பாக்கியின் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிரிட்டிஷ் அரசாங்கத் துப்பாக்கி என்றால் கிரீடமும் ஜி.ஆர். (ஜார்ஜ் ரெக்ஸ், ஜார்ஜ் மன்னர்) என்ற எழுத்துகளும் இருக்கும். 1764 வரை செய்தவர் பெயரும் ஆண்டும் லாக்கில் வெட்டினார்கள். பிறகு அதை நிறுத்திவிட்டு டவர் (லண்டன் டவர் கோட்டை) அல்லது டப்ளின் காஸில் என்று மட்டும் போட்டார்கள். ஆகவே டவர் லாக்கில் 1790 என்று தேதி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கம்பெனித் துப்பாக்கிக்கு வேறு கணக்கு. 1808 வரை நான்காகப் பிரித்த இதய வடிவ முத்திரை, உள்ளே வி, ஈ, ஐ, சி என்ற ஆங்கில எழுத்துகள், அதன் தலையில் நாலு போல ஒரு குறி. முதல் எழுத்து வி ஏன் என்று பலர் குழம்புவார்கள். பழைய வழக்கப்படி யு எழுத்துக்குப் பதில் வி. கம்பெனியின் பெயரில் இருந்த யுனைடெட் என்பதன் முதல் எழுத்து அது. இந்த லாக்குகளில் வில்சன், பார்னெட் போன்ற லண்டன் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் இருக்கும். 1808க்குப் பிறகு இதயம் போய், பின்னங்காலில் நிற்கும் சிங்கம் வந்தது.

குழலுக்குத் தனி முத்திரை உண்டு. லண்டன் துப்பாக்கிக்காரர் சங்கத்தின் சோதனை முத்திரை என்றால் கிரீடத்தின் கீழ் வி, இன்னொரு கிரீடத்தின் கீழ் ஜி.பி. பர்மிங்காம் சோதனைக் கூடம் 1813இல்தான் வந்தது. குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள், மேலே கிரீடம், இடுக்கில் பி.பி.சி. என்ற எழுத்துகள் இருந்தால் அந்த ஆண்டுக்கு முன்னால் அந்தக் குழல் இந்த முத்திரையோடு இல்லை.

இப்போது கணக்கு எளிது. எந்தப் பாகம் கடைசியாகப் பிறந்ததோ, அதற்குப் பிறகுதான் இந்தத் துப்பாக்கி இந்த உருவத்துக்கு வந்திருக்க முடியும். நண்பரின் துப்பாக்கி 1799 லாக்கை வைத்துக்கொண்டு 1813க்குப் பிறகு சேர்த்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த வருஷம் லாக்கில் இருக்கிறது என்பதற்காக அதைத் திப்புவோடு கட்டிப்போட முடியாது.

சுத்தியலையும் பாருங்கள். கழுத்து அன்னம் போல வளைந்து மெலிதாக இருந்தால் பழைய பாணி. கழுத்தின் நடுவில் ஓட்டை விட்டு, இரண்டு கை வைத்தது போல வலுவாக இருந்தால் 1809க்குப் பிந்திய பாணி. 1799 லாக்கில் ஓட்டைக் கழுத்துச் சுத்தியல் இருந்தால் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மெலிந்த கழுத்து அடிக்கடி முறியும், ஆர்மரர் கையிலிருந்த புதியதை மாட்டுவார். படையில் நடந்த நேர்மையான பழுது அது.

அறிகுறி: தீத்துளையும் மருந்துக் கிண்ணமும் நேராக இல்லை

இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன், ஏனென்றால் முத்திரையைப் போல இதில் பொய் சொல்வது எளிதில்லை.

குழலின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். கிண்ணத்தில் பற்றும் மருந்தின் நெருப்பு அதன் வழியாக உள்ளே போகும். ஆகவே துளை கிண்ணத்தின் நடுவுக்கு நேராக, மேல் விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். துளை கிண்ணத்துக்கு முன்னாலோ பின்னாலோ தள்ளி இருந்தாலும், கிண்ணத்துக்குள் மறைந்து போயிருந்தாலும் அந்த லாக்கும் குழலும் ஒன்றாகப் பிறக்கவில்லை. துளையைச் சுற்றி வட்டமாக வேறு நிற இரும்பு தெரிந்தால் தேய்ந்த துளையை அடைத்துப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அதிகம் சுட்ட துப்பாக்கிக்கு அது சாதாரண வைத்தியம்.

அடுத்து லாக்கைக் கழற்றிப் பாருங்கள். சுத்தியலைப் பாதி இழுத்த நிலையில் வைத்து, இடப்பக்கத் திருகுகளை அளவான ஸ்குரூடிரைவரால் கொஞ்சம் தளர்த்தி, திருகுத் தலையில் மெதுவாகத் தட்டினால் லாக் வெளியே வரும். நெம்பி எடுத்தால் பள்ளத்தின் விளிம்பு மரம் பெயரும், அதோடு பாதி சாட்சி போய்விடும்.

லாக் உட்காரும் அந்த மரப்பள்ளம் ஒரு வார்ப்பு அச்சு மாதிரி. உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் திருகு முனைக்கும் ஏற்ப உளியால் குடைந்திருப்பார்கள். இப்போதுள்ள லாக்கில் எந்தப் பாகமும் இல்லாத இடத்தில் ஒரு குழி இருந்தால், முன்பு வேறொரு லாக் அங்கே குடியிருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் மரச்சில்லு ஒட்டி இடைவெளியை மறைத்திருந்தாலும் அதே கதைதான். நண்பரின் துப்பாக்கியில் முன் ஓரத்தில் விரல் நகம் அகலத்துக்கு அரக்கு போட்டு அடைத்திருந்தது.

ஆனால் பள்ளம் லாக்கோடு கச்சிதமாகப் பொருந்தி, குழல் மட்டும் பொருந்தாமல் இருந்தால்? மரத்தின் கருகலைப் பாருங்கள். கிண்ணத்துக்குப் பின்னால், தீத்துளைக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நெருப்பு பட்ட மரம் கரிந்து உள்வாங்கி இருக்கும். குழலின் அந்த இடம் அரித்துக் குழிவிழுந்திருக்க, ஒட்டியுள்ள மர விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தால் கட்டை பின்னால் வந்தது. மரம் கரிந்து, குழல் மட்டும் மழுமழு என்று இருந்தால் குழல் பின்னால் வந்தது. துருவும் அப்படித்தான், நூறு வருஷம் ஒட்டிக் கிடந்த இரும்பு மரத்தில் கறுப்புக் கறையாகத் தன் உருவத்தையே விட்டுவைக்கும்.

அறிகுறி: குழல் நீளம் எந்தக் கணக்கிலும் வரவில்லை

பிரவுன் பெஸ் குடும்பத்தில் பெரியவர் லாங் லேண்ட், 46 அங்குலக் குழல். அடுத்தது ஷார்ட் லேண்ட், 42 அங்குலம். கம்பெனி தன் படைக்காக எளிமைப்படுத்திய இந்தியா பேட்டர்ன் 39 அங்குலம். 1793இல் பிரான்ஸோடு போர் மூண்டபோது கையிருப்பு போதாமல் பிரிட்டிஷ் அரசாங்கமே கம்பெனிக் கிடங்கிலிருந்து இதை வாங்கி, பிறகு தன் வகையாகவே ஏற்றுக்கொண்டது. மொத்தம் சுமார் 30 லட்சம் செய்திருக்கிறார்கள். எனவே உங்கள் கையில் இருப்பது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

39க்குக் குறைந்து 36 அல்லது 33 வந்தால், குழலை வெட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு சோதியுங்கள். இந்தியா பேட்டர்னில் குழலின் மேல், வாய்க்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு இரும்புக் கட்டி இருக்கும். பயனெட், அதாவது துப்பாக்கி முனைக் கத்தி, மாட்டிக்கொள்ளும் இடம் அது. குறி பார்க்கவும் அதுவே. மரக்கட்டை அதற்கும் சில அங்குலம் முன்பே முடிந்துவிடும், பயனெட்டின் குழாய் குழல்மேல் சொருக இடம் வேண்டுமே. கட்டி இல்லை, அல்லது மரம் வாய் வரைக்கும் வருகிறது என்றால் வெட்டியது உறுதி. வேட்டைக்காரர்கள் இந்த வேலையை நிறையச் செய்திருக்கிறார்கள்.

கட்டையின் அடியில், மருந்தை இடித்து இறக்கும் இடிகம்பி நுழையும் பித்தளைக் குழாய்களையும் எண்ணுங்கள். பழைய லேண்ட் வகைகளில் நான்கு, இந்தியா பேட்டர்னில் மூன்று. 39 அங்குலக் குழல் இருந்து நான்காவது குழாய்க்கான அடைத்த பள்ளம் மரத்தில் தெரிந்தால், பழைய கட்டையில் புதுக் குழலைக் கிடத்தியிருக்கிறார்கள்.

வாயின் உள்விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பதினேழரை வந்தால் பிரெஞ்சுக் குழலாக இருக்கலாம்.

அறிகுறி: பித்தளையும் இரும்பும் கலந்திருக்கிறது, குழலை வளையம் கட்டிப் பிடித்திருக்கிறது

பிரிட்டிஷ்காரர்கள் குழலைக் கட்டையோடு மெல்லிய குறுக்கு ஊசிகளால் பிடித்தார்கள். தோள்தகடு, விசைக்காப்பு எல்லாம் பித்தளை. பிரெஞ்சுக்காரர்கள் 1728 முதலே வளையம் போட்டார்கள். அவர்களின் காலாட்படைத் துப்பாக்கியில் பெரும்பாலும் எல்லாம் இரும்பு. கட்டையில் ஊசித் துளை இருந்து மேலே வளையமும் இருந்தால், வெடித்த மரத்தைக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். கம்பிச் சுற்று, பச்சைத் தோல் தைத்த கட்டு எல்லாம் இதே வகை. இதைப் பிய்த்துவிடாதீர்கள், அந்தத் துப்பாக்கியின் வாழ்க்கையில் இதுவும் நடந்தது.

அறிகுறி: துப்பாக்கி பழசு, சக்கிமுக்கி லாக் மட்டும் புதுமாப்பிள்ளை

1830களிலும் 40களிலும் சக்கிமுக்கி போய்க் கேப் முறை வந்தது. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்பின் மூதாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் கிண்ணத்தையும் மூடியையும் கழற்றிவிட்டு, தீத்துளை இருந்த இடத்தில் கேப்பை மாட்டும் சிறு குழாயான நிப்பிளை வைத்தார்கள். இது அந்தக் காலத்து மாற்றம், கௌரவமானது.

பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் சக்கிமுக்கிக்கு அதிக விலை கொடுக்க ஆரம்பித்ததும், வியாபாரிகள் மறுபடியும் பின்னோக்கி மாற்றினார்கள். கண்டுபிடிக்க வழி உண்டு. லாக் தகட்டின் உட்பக்கத்தில், அடைத்து ராவிய திருகுத் துளைகள் நிழல் போலத் தெரியும். கிண்ணத்தின் இரும்பு நிறமும் தகட்டின் நிறமும் ஒத்துப்போகாது. குழலில் நிப்பிள் இருந்த இடத்தைப் பற்றவைத்து மூடிய வெல்டிங் வட்டம் சாய்வான வெளிச்சத்தில் தெரியும். கல் உரசும் மூடியின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தால் அது போர் பார்த்த மூடி இல்லை.

அறிகுறி: எழுத்து கோணல், தேதி நடக்காத தேதி

இங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். ஜி.ஆர். 1830 வரை, வி.ஆர். (விக்டோரியா ராணி) 1837 முதல் 1901 வரை. விக்டோரியா இறந்த பிறகும் வி.ஆர். என்று தேதி போட்ட துப்பாக்கி, தலைகீழாகத் திரும்பிய ஆங்கில N எழுத்து, உளியால் ஒவ்வொரு கோடாக வெட்டிய கிரீடம் இவையெல்லாம் கைபர் கணவாய்ப் பட்டறைகளின் கையெழுத்து. அங்குள்ள கொல்லர்களுக்கு அந்த எழுத்து ஒரு படம், அவ்வளவுதான். கைவேலை அபாரம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: கட்டை அரிவாள் மாதிரி வளைந்திருக்கிறது, லாக் கம்பெனி லாக்

இது ஆப்கானிஸ்தானின் ஜெஸாயில். நீண்ட குழலும் வளைந்த கட்டையும் உள்ளூர் வேலை. லாக் செய்வது கடினமான வேலை என்பதால், கைப்பற்றியோ வாங்கியோ கிடைத்த பிரிட்டிஷ் லாக்கைப் பதித்தார்கள். ஆகவே பாகங்கள் பொருந்தாமல் இருப்பதுதான் இங்கே ஒழுங்கு. ஒரே ஊரில் செய்தது போல எல்லாம் பளிச்சென்று பொருந்தினால்தான் கவலைப்பட வேண்டும். 2001க்குப் பிறகு அங்கே போன வெளிநாட்டுச் சிப்பாய்களுக்காக இப்படி நிறையச் செய்து விற்றார்கள். சிங்க முத்திரை நிஜமா என்பதை லாக்கின் உட்பக்க வேலைப்பாட்டை வைத்து முடிவு செய்யுங்கள். பழைய லண்டன் வேலையில் ஸ்பிரிங்கின் விளிம்புகூட நேர்த்தியாக இருக்கும். போலியில் வெளியே அழகு, உள்ளே அரம் போட்ட கோடுகள்.

அறிகுறி: என்ஃபீல்டு மாதிரி இருக்கிறது, குழலுக்குள் வரி இல்லை

1853 பேட்டர்ன் என்ஃபீல்டு ரைஃபிளின் குழலில் மூன்று முறுக்கு வரிகள் இருக்க வேண்டும், விட்டம் .577 அங்குலம். உங்களுடையதில் உள்ளே வழவழப்பாக, விட்டம் .65 பக்கம் இருந்தால் வேறு குழல் மாட்டிவிட்டார்கள் என்று தோன்றும். பொறுங்கள்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குத் துல்லியமான ரைஃபிள் கொடுக்க ஆங்கிலேயர்களுக்கு மனம் வரவில்லை. என்ஃபீல்டின் குழலை உள்ளே கடைந்து வரிகளை எடுத்துவிட்டு, 1858 பேட்டர்ன் என்று கொடுத்தார்கள். கடைந்ததில் குழல் சுவர் மெலிந்து தொல்லை தர, அடுத்த ஆண்டே தடித்த குழலோடு 1859 பேட்டர்ன் வந்தது. பின்பக்கக் குறிபார்க்கும் பட்டையும் ஏற்றி இறக்கும் வசதி இல்லாமல் ஒற்றைக் கட்டியாகவே இருக்கும். இந்தக் கட்டியும் வரியில்லாக் குழலும் சேர்ந்தே இருந்தால் துப்பாக்கி முழுசாகச் சரியானது. ஏற்றி இறக்கும் பட்டை இருந்து வரி மட்டும் இல்லை என்றால், பிற்காலத்தில் யாரோ வேட்டைக்காகக் கடைந்தது.

அறிகுறி: எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை

அப்போது குறிகளைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் ஒரு துப்பாக்கியின் திருகு இன்னொன்றில் ஏறாது. பாகங்களை மாற்றிப் போடலாம் என்று பிரான்ஸில் ஓனோரே பிளாங் 1785இல் தாமஸ் ஜெஃபர்சனுக்குக் காட்டினார். ஆனால் அமெரிக்க அரசு ஆலைகளின் 1842 மாடல்தான் முழுக்க மாற்றிப் போடக்கூடிய முதல் மஸ்கட். பிரிட்டனில் அமெரிக்க இயந்திரங்கள் என்ஃபீல்டு ஆலைக்கு வந்தது 1850களில். அதற்கு முன் ஒவ்வொன்றும் கையால் ராவிப் பொருத்தியது. பிரித்த பாகங்கள் கலந்துவிடாமல் இருக்க, தொழிலாளி அரத்தால் கோடுகளோ புள்ளிகளோ போட்டு வைப்பார். லாக்கின் உட்பக்கம், திருகின் தண்டு, குழலின் அடி இவற்றில் இரண்டு கோடு, மூன்று கோடு என்று ஒரே குறி வந்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வேறு வேறு குறி வந்தால் மேலே சொன்ன சோதனைகளுக்குத் திரும்புங்கள்.

படைப்பிரிவின் அடுக்கு எண்ணையும், அதாவது கொட்டடி அடுக்கில் வைக்கப் போட்ட எண்ணையும், கவனியுங்கள். வெவ்வேறு காலத்து லாக்கிலும் குழலிலும் ஒரே எண் அடித்திருந்தால் கலந்தது படைதான்.

பார்த்து முடிந்த பிறகு

எலுமிச்சம்பழமும் உப்புக் காகிதமும் வேண்டாம். முத்திரை எல்லாம் அரை மில்லிமீட்டர் ஆழம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தேய்ப்பில் போய்விடும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடமும் இருக்கின்றன. இன்னொன்று: பழசு என்பதாலேயே சட்டம் விட்டுவிடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு தருகிறது. சுடக்கூடிய நிலையில் இருந்தால் உரிமம் வேண்டும். நூறு வயது தாண்டியதை நினைத்தபடி வெளிநாட்டுக்கு அனுப்பவும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது.

நண்பரின் துப்பாக்கிக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு இது:

"லாக்: கிழக்கிந்தியக் கம்பெனி, வில்சன், 1799. சுத்தியல்: 1809க்குப் பிந்திய மாற்று. குழல்: பர்மிங்காம் முத்திரை, 1813க்குப் பிந்தியது; 36 அங்குலமாக வெட்டியது. கட்டை: உள்ளூர் மரம், லாக் பள்ளத்தில் அரக்கு அடைப்பு, வேறொரு லாக்குக்காகக் குடைந்தது. குழலின் கறை மரத்தில் ஆழமாகப் படிந்துள்ளது. இந்தக் குழலும் கட்டையும் நெடுங்காலம் ஒன்றாக இருந்தவை. லாக் கடைசியாக வந்து சேர்ந்தது."

படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ முதல்ல இருந்த லாக் எங்கே?" பரணில் இன்னொரு மூட்டை இருக்கிறதாம். அடுத்த வாரம் இறக்குகிறோம்.